தோட்டத்துக் கடையும் கடைக்காரரும்



தோட்டத்து வரலாறு என்றவுடன் நாம் பால்மரத்தைப் பற்றிப் பேசுகிறோம். கங்காணியைப் பற்றிப் பேசுகிறோம். துரையைப் பற்றியும் கிராணியாரைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால், நாள்தோறும் நம் வீட்டில் ஒருவராவது ஏறி இறங்கிய ஒரு படிக்கட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் கடைப் படிக்கட்டு. அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிய அந்தக் கடைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்? ஊரார் அவரை எப்படி அழைத்தனர்? அவர் தம்மை யார் என்று எண்ணிக்கொண்டார்? இன்றைய உரையில் இவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நாம் ஆசிரியப் பணியாற்றும் லாபு, நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர். 'லாபு' என்ற மலாய்ச் சொல்லுக்குப் பூசணி, சுரை என்று பொருள். "லாபுவில் கடை வைத்தவனுக்கெல்லாம் லாபம்தானா?" என்று பெரியவர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அந்த வேடிக்கைக்குள்ளேயே நம்முடைய கேள்வியும் அடங்கியிருக்கிறது.

முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம். 1874-ஆம் ஆண்டில் சுங்கை ஊஜோங் பகுதி ஆங்கிலேயரின் பாதுகாப்பின் கீழ் வந்தது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் பகுதியில் ரப்பருக்கு முன்னர் பயிரிட்டது காப்பி. காப்பி விலை சரிந்தபின், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதன்பின் கங்காணிகள் மூலம் நம் முன்னோர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். ஆயிரக்கணக்கானோர் காட்டுக்கு நடுவே லயங்களில் வாழ வேண்டும் என்றால், அவர்களுக்கு உப்பு, புளி, மிளகாய் விற்க ஒருவர் வேண்டுமல்லவா? அப்படித்தான் தோட்டத்துக் கடை பிறந்தது.

அந்தக் கடையை நடத்தியவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். முதல் வகையினர் கங்காணிமார். ஆளைக் கூட்டி வந்தவரே கடையையும் வைத்திருந்த தோட்டங்கள் பல. வேலைக்குப் பெயர் கொடுப்பவரும் அவர், கடன் கொடுப்பவரும் அவர் என்றால், தொழிலாளி எங்கே போவார்? கப்பல் கட்டணத்துக்கு வாங்கிய முன்பணம் ஒரு பக்கம், கடைப்பற்று ஒரு பக்கம் என்று இரண்டு கயிறுகளால் கட்டுண்டவர் பலர்.

இரண்டாம் வகையினர் தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலிருந்தும் கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். இவர்களில் பலர் கடைப்பையன்களாக வந்து, பல ஆண்டுகள் முதலாளியிடம் தொழில் பழகி, பின்னர் தனிக்கடை போட்டவர்கள். மூன்றாம் வகையினர் சீனர்கள். தவுக்கே என்று நாம் அழைக்கும் அவர்களில் பலர் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்கள். நம் வீட்டு நல்லது கெட்டதுகளை நம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். இவர்களை அடுத்து, பட்டணத்தில் இருந்துகொண்டு கடைக்காரர்களுக்கும் தோட்டத்தாருக்கும் பணம் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

இவர்களுடைய பெயர்களைக் கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். செட்டியார்கள் தங்கள் நிறுவனத்தைப் பெற்றோர், பாட்டன்மார் பெயர்களின் முதலெழுத்துகளால் குறித்தனர். அதனை விலாசம் என்றனர். மூனா, ரூனா, லேனா என்று அந்த எழுத்துகளை ஊரார் சொல்வார்கள். அந்த எழுத்துகளைக் கேட்டால், எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதாவது, வணிகரின் பெயர் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மூன்று தலைமுறையின் நாணயம் அந்த எழுத்துகளில் அடங்கியிருந்தது. மகன் வாங்கிய கடனைத் தீர்க்காவிட்டால் பாட்டனுடைய எழுத்துக்குக் களங்கம் என்று எண்ணினர்.

தோட்டத்துச் சிறு கடைக்காரருக்கு அத்தகைய விலாசம் கிடையாது. அவருக்குப் பெயர் வைத்தவர்கள் நாம். 'நானா கடை', 'காக்கா கடை', 'மலையாளத்தார் கடை', 'தவுக்கே கடை', 'மேட்டுக் கடை' என்றே சொல்லிப் பழகினோம். பெயர்ப்பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்தவர் யாரும் இல்லை. பலகையில் எழுதிய பெயருக்கும் நாம் அழைத்த பெயருக்கும் இடையேதான் அவர் வாழ்ந்தார். பலகை அரசாங்கத்துக்கு. அழைப்பு நமக்கு.

இனி, கடையின் நெஞ்சமாக விளங்கிய ஒரு பொருளைப் பார்ப்போம். அதுதான் மூன்று ஐந்துகள் அச்சிட்ட சிறிய பற்றுப் புத்தகம். '555 புத்தகம்' என்றால் மலேசியாவில் தெரியாதவர் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் மாதக் கணக்கும் இருக்கும். கடைக்காரர் ஒரு படி வைத்திருப்பார். வீட்டில் ஒரு படி இருக்கும். சம்பளம் வந்தவுடன் இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பணம் கட்டிக் கோடு போடுவார்கள்.

அந்தக் கணக்கு எப்படி ஓடியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு குடும்பம் மாதத்துக்குப் பட்டண விலையில் 60 வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக் கடையில் அதே சாமான் பத்து விழுக்காடு கூடுதலாக, 66 வெள்ளி ஆகிறது. "ஆறு வெள்ளி கொள்ளை!" என்று நாம் சொல்வோம். கடனுக்குக் கொடுத்த விலை என்று பார்த்தால், ஒரு மாதத்துக்குப் பத்து விழுக்காடு வட்டி என்பது கடுமையானதுதான்.

இப்பொழுது கடைக்காரரின் பக்கத்திலிருந்து அதே கணக்கைப் பார்ப்போம். அவருக்கு இப்படி 40 குடும்பங்கள் உண்டு. வழக்கமான இலாபத்தைத் தனியே வைத்துவிட்டால், கடனுக்காக அவர் கூட்டிய தொகை மாதத்துக்கு 240 வெள்ளி. அந்த மாதத்தில் மூன்று குடும்பங்கள் கணக்கைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால், அவருக்கு நட்டம் 198 வெள்ளி. எஞ்சுவது 42 வெள்ளி. மொத்தக் கடைக்காரரோ மாத முடிவில் தம் பணத்தைக் கேட்டு நிற்பார். மீதி 37 குடும்பங்கள் கொடுத்த கூடுதல் விலைதான் ஓடிப்போன மூன்று குடும்பங்களின் கடனை அடைத்தது. நாணயமாகக் கட்டியவர் நாணயமில்லாதவருக்காகவும் சேர்த்துக் கட்டினார் என்பதே இதன் பொருள்.

ஆகவே, கடைக்காரர் நல்லவரா, கெட்டவரா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. எடைக்கல்லில் ஏமாற்றியவர்களும் இருந்தனர். புத்தகத்தில் ஒன்றை இரண்டாக எழுதியவர்களும் இருந்தனர். எழுத்தறியாத தாய்மார்கள் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். "கணக்குப் படித்து வா. கடைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்" என்பதே நம்மில் பலருக்குக் கிடைத்த முதல் வீட்டுப்பாடம்.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளத்தை இன்ன இடத்தில்தான், இன்னாரிடம்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பதைத் தடை செய்தது. கடையிலோ மதுக்கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றும் கூறியது. அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமே விலக்கு. சம்பளம் கையில் வந்த இடத்திலேயே கடனுக்குப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இந்தச் சட்டமே காட்டுகிறது.

கடைக்காரரின் வாழ்வும் மேடுபள்ளம் நிறைந்ததே. 1930-ஆம் ஆண்டுக்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களோடு கடைப்பற்றும் கப்பலேறியது. கடைக்காரர் கையில் மிஞ்சியவை புத்தகங்கள் மட்டுமே. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழியின் பொருளை லாபுவில் கடை வைத்தவர்கள் அன்று நன்கு உணர்ந்திருப்பார்கள்.

1942-இல் ஜப்பானியர் வந்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குறைந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆடவர்களைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். திரும்பாதவர் பல்லாயிரம் பேர். 1945-இல் ஜப்பானியர் தோற்றபோது, அவர்கள் அச்சிட்ட வாழைமரப் பணம் வெறும் காகிதமாயிற்று. பெட்டி நிறையப் பணம் சேர்த்த கடைக்காரரும், கையில் ஒன்றுமில்லாத தொழிலாளியும் ஒரே நாளில் சமமாயினர்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டனர். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காக அரிசிக்கு அளவு வைத்தனர். விற்கும் தகர உணவில் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்டால் அது கெட்டுப்போகும், சேர்த்து வைக்க முடியாது என்பது கணக்கு. எந்தக் குடும்பம் எவ்வளவு வாங்கியது என்று எழுதி வைக்க வேண்டும். நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர், இன்று காவலரைப் போல எண்ணிக் கொடுக்க வேண்டியவராயினார். அரசாங்கம் அவரைச் சந்தேகித்தது. காட்டில் இருந்தவர்களும் அவரை மிரட்டினர். இரண்டுக்கும் நடுவே நின்று கடையைத் திறந்து வைத்ததே அக்காலத்தில் ஒரு துணிவு.

நாடு 1957-இல் விடுதலை பெற்றது. அதன்பின் கடைக்காரருக்கு மற்றொரு கேள்வி பிறந்தது. நான் இந்த நாட்டுக்காரனா, அந்த நாட்டுக்காரனா? பணத்தை ஊருக்கு அனுப்பி, கடைசிக் காலத்தில் திரும்பிப் போகலாம் என்று இருந்தவர்கள் பலர். சிலர் நீல அடையாளக் கார்டு எடுத்தனர். சிலர், 'பிறகு பார்க்கலாம்' என்று சிவப்புக் கார்டோடு நின்றனர். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவையாயிற்று. 1969-க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து இந்தியாவுக்குத் திரும்பினர். தொழிலாளி திரும்பினால் கடையின் வாடிக்கை போயிற்று. கடையில் வேலை செய்தவர் திரும்பினால் கடையே மூடிற்று. நீல நிறம், சிவப்பு நிறம் என்ற ஒரு சிறு அட்டை, ஒரு மனிதரின் அடையாளத்தை எப்படி நிர்ணயித்தது பாருங்கள்.

இதே காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் போய்விடுமோ என்று தொழிலாளர்கள் அஞ்சினர். 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. கடனாளி என்று பெயர் பெற்ற நம் மக்கள், உரிமையாளர் என்று பெயர் பெற முடியும் என்பதை அந்தச் சங்கம் காட்டியது. தோட்டங்களில் இருந்த கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்களும் அப்படிப்பட்டவையே. கடைப்பற்றுக்கு மாற்றாக, நாமே சேமித்து நாமே கடன் வாங்கிக்கொள்ளும் வழி அது.

நேயர்களே, நாம் சிறுவராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பொழுது 1980-களின் பிற்பகுதி. இலையுதிர் காலம். பால்மரங்கள் இலையுதிர்த்து நின்றால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடும் 555 புத்தகத்தோடும் கடைக்குப் போனோம். சீட்டில் அரிசி, சீனி, தேயிலை, கடைசியாக ஒரு பால் டின். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றும் பேசவில்லை. பென்சிலை எடுத்துச் சீட்டின் கடைசி வரியில் கோடு போட்டார். மற்றதையெல்லாம் கட்டிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடு நெடுநாள் நம் மனத்தில் இருந்தது. அவரைப் பொல்லாதவர் என்றே எண்ணினோம்.

பல ஆண்டுகள் கழித்து, அப்பா ஒரு செய்தி சொன்னார். அந்த மாதம் எங்கள் லயத்தில் ஒருவருமே கணக்கை முழுதாகத் தீர்க்கவில்லையாம். மொத்தக் கடைக்காரர் சரக்கு அனுப்ப மறுத்துவிட்டாராம். கடைக்காரர் தம் மனைவியின் வளையலை அடகு வைத்து அரிசி மூட்டை இறக்கினாராம். பால் டின்னில் கோடு போட்டவர், அரிசியில் கோடு போடவில்லை. இதை அறிந்தபின் அந்தக் கோட்டை நாம் வேறு விதமாகப் பார்த்தோம். வெட்கம் முழுதாகப் போய்விடவில்லை. ஆயினும், அந்த மனிதரும் நம்மைப் போலவே மாதக் கடைசியைக் கண்டு அஞ்சியவர் என்பது தெரிந்தது.

பிறகு காலம் மாறியது. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. லயங்கள் காலியாயின. காத்தியும் தாஹிலும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. 1995-இல் சிரம்பான் வழியில் மின்சார கொமுட்டர் இரயில் வந்தபின், லாபுவிலிருந்து பட்டணம் போய்ப் பேரங்காடியில் சாமான் வாங்குவது எளிதாயிற்று. 1998-இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறந்தது. நிலத்தின் மதிப்பு ஏறியது. 2009-இல் மலிவுக் கட்டண விமான முனையத்தை லாபுவிலேயே கட்டலாம் என்ற பேச்சுக்கூட எழுந்து கைவிடப்பட்டது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே தோட்டத்துக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அவை மூடிய நாளை எவரும் குறித்து வைக்கவில்லை.

கடை போயிற்றே தவிர, கடை நடத்தும் திறமை போகவில்லை. அது வேறு உருவில் நம்மிடையே இருக்கிறது. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குப் போன நம் பெண்கள் வீட்டு வாசலில் இடியப்பம் விற்கிறார்கள். பூமாலை கட்டுகிறார்கள். இரவுச் சந்தையில் முறுக்கும் வடையும் போடுகிறார்கள். இளைஞர்கள் ஒட்டுக்கடை வைக்கிறார்கள்.

ஆனால், ஒரு குறை. பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் படிவத்தில் 'தாயாரின் தொழில்' என்று ஓர் இடம் உண்டு. நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஐம்பது பொட்டலம் நாசி லெமாக் கட்டி விற்கும் ஒரு தாய், அந்த இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்தார். "அம்மா, நீங்கள் வியாபாரி அல்லவா?" என்று கேட்டோம். "அது சும்மா, சார், வீட்டுச் செலவுக்கு" என்றார். அவருடைய உழைப்பை அவரே தொழில் என்று ஏற்கவில்லை. அன்று கடைக்காரருக்கு ஊரார் பெயர் வைத்தனர். இன்று நாமே நமக்குப் பெயர் வைக்கத் தயங்குகிறோம்.

பெயர் வெறும் பெருமைக்காக வேண்டியதன்று. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதிந்தால்தான் வணிகப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். தெக்குன் நேஷனல் போன்ற அமைப்புகளில் சிறுகடன் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பதிவு செய்திருந்த சிறு வணிகர்கள் அரசாங்க உதவிக்கு மனுச் செய்ய முடிந்தது. பதியாதவர்கள் தாங்கள் வணிகர் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பார்கள்?

ஆகவே, அன்பான பெற்றோர்களே, இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறோம். ஒன்று, வீட்டில் பழைய 555 புத்தகம் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உங்கள் பாட்டி எந்த மாதம் எத்தனை கட்டி அரிசி வாங்கினார், எந்த மாதம் கடன் தீர்த்தார் என்று இருக்கும். எந்த நூலிலும் கிடைக்காத நம் வரலாறு அது. பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள். இரண்டு, இன்று நீங்கள் விற்பது பத்து பொட்டலமாயினும், அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கான கூலியையும் செலவில் சேர்த்து எழுதுங்கள். அன்று கடைக்காரர் நம் கணக்கை எழுதினார். இன்று நம் கணக்கை நாமே எழுத வேண்டும்.

அடுத்த முறை பள்ளிப் படிவம் வரும்போது, 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் 'வணிகர்' என்று தயங்காமல் எழுதிக் கொடுங்கள். ஏட்டில் எழுதிய அந்தச் சுரைக்காய் நிச்சயம் கறிக்கு உதவும்.